ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று இருக்கிறதா? மார்பகப் புற்றுநோய் பற்றி இணையத்தில் எதை நம்புவது, யாரிடம் பேசுவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஸ்கேன் சென்டரிலிருந்து அம்மாவின் மேமோகிராம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வந்து விழுகிறது. டாக்டரைப் பார்க்கப்போவது திங்கட்கிழமைதான். கடைசி வரியில் ‘பை-ராட்ஸ் 4’ என்று போட்டிருக்கிறது. வீட்டில் இங்கிலீஷ் ரிப்போர்ட்டைப் படிக்கிற ஆள் நீங்கள்தான். என்ன செய்வீர்கள்? எல்லோரும் செய்வதைத்தான். கூகுளைத் திறப்பீர்கள்.

முதல் சறுக்கல் அங்கேதான். ‘4’ என்ற எண்ணைப் பார்த்ததும் ‘நாலாவது ஸ்டேஜ்’ என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. தேடுவதும் அதையே. வருகிற பதில்களும் நாலாவது ஸ்டேஜுக்கானவை. பொழுது விடிவதற்குள் வீட்டில் பாதிப் பேருக்கு விஷயம் போய்விடும், அதுவும் தப்பான விஷயம்.

பை-ராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பு உருவாக்கிய ஒரு குறியீடு. படத்தைப் பார்த்தவர் தன் சந்தேகம் எவ்வளவு என்பதை 0 முதல் 6 வரையிலான எண்ணால் சொல்கிறார், அவ்வளவுதான். 0 என்றால் ‘இந்தப் படம் மட்டும் போதாது, இன்னும் பார்க்க வேண்டும்’. 1, 2 என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது. வழக்கமாக ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். 4 என்றால் ‘சந்தேகமாக இருக்கிறது, திசு எடுத்துப் பார்த்துவிடுவோம்’. இந்த 4-க்குள்ளேயே வாய்ப்பு 2 சதவீதத்தில் தொடங்கி 95 சதவீதம் வரை நீள்வதால், 4ஏ, 4பி, 4சி என்று பிரித்துப் போடுவார்கள். 4ஏ என்றால் அதிகபட்சம் 10 சதவீதம். ஸ்டேஜ் என்பது வேறு கதை. பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியான பிறகு, அது உடம்பில் எதுவரை போயிருக்கிறது என்று கணக்கிடுவது.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். மேலை நாடுகளைவிட ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே இங்கே இந்த நோய் வருகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். அதாவது, ரிப்போர்ட் அம்மாவுடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருடையதாகவும் இருக்கலாம்.

இணையத்தில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்பதில்தான் சிக்கல். ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. நம் அம்மாவுக்கு என்ன சிகிச்சை என்று சொல்ல வேறோர் இடம். ராத்திரி தூக்கம் வராதபோது பேச இன்னோர் இடம். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஃபேஸ்புக் குரூப்பில் கேட்பதும், குரூப்பில் கொட்ட வேண்டிய மனபாரத்தை கூகுளில் தட்டச்சு செய்வதும்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

‘பாசிட்டிவ்’ நல்லதா, கெட்டதா?

கொரோனா நமக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது: பாசிட்டிவ் என்றால் கெட்டது, நெகட்டிவ் என்றால் அப்பாடா. மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் இந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டும்.

‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்றால், கட்டியின் செல்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளர்பவை. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் இதற்கு வேலை செய்யும் என்பதால் ஒருவகையில் இது நல்ல செய்தி. ‘நோட் பாசிட்டிவ்’ என்றால் அக்குளில் உள்ள நெறிகட்டிகளில் புற்றுநோய் செல்கள் தென்பட்டிருக்கின்றன. ‘மார்ஜின் பாசிட்டிவ்’ என்றால் ஆபரேஷனில் வெட்டியெடுத்த பகுதியின் விளிம்பில் புற்றுநோய் செல்கள் இருக்கின்றன. சில சமயம் மறுபடி வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். ஒரே வார்த்தைதான், மூன்று இடத்தில் மூன்று செய்தி. அதேபோல ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்று பார்த்துவிட்டு ‘மூணும் நெகட்டிவ், கடவுள் காப்பாத்திட்டார்’ என்று நிம்மதியானவர்கள் உண்டு. ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்-2 மருந்துக்கும் வழியில்லாத, கீமோதெரபியைப் பெரிதும் நம்ப வேண்டிய வகை அது.

இன்னொரு குழப்பம் கிரேடு. ‘கிரேடு 3’ என்பது ‘ஸ்டேஜ் 3’ இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதுதான் கிரேடு. சின்னக் கட்டி, எங்கும் பரவவில்லை, முதல் ஸ்டேஜ், ஆனால் கிரேடு 3 என்று இருக்க முடியும். இருக்கிறது.

ஆகவே, ‘பிரெஸ்ட் கேன்சர் குணமாகுமா’ என்று பொத்தாம்பொதுவாகத் தேடாமல், ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் சொற்றொடரை அப்படியே இங்கிலீஷில் போட்டுத் தேடுங்கள். ‘குணமாகுமா’, ‘உடனடித் தீர்வு’, ‘அதிசயம்’ போன்ற வார்த்தைகளைப் போட்டால், அதே வார்த்தைகளை வைத்துக் கடை விரித்திருப்பவர்களிடம்தான் போய்ச் சேர்வீர்கள்.

பக்கத்தின் தேதியைப் பாருங்கள்

நம்பகமான இணையதளம் என்பதற்கு நிறைய இலக்கணம் சொல்வார்கள். யார் எழுதியது, மருத்துவர் சரிபார்த்தாரா, பணம் யார் தருகிறார்கள், எதையாவது விற்கிறார்களா... எல்லாம் சரிதான். ஆனால் பலர் கவனிக்காமல் விடுவது தேதி.

ஹெர்-2 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். இது அதிகமாக இருக்கும் கட்டிகள் மூர்க்கமானவை, விளைவு மோசம் என்றுதான் 1990-களின் பாடப்புத்தகங்கள் சொல்லின. அந்தக் காலத்தில் அது உண்மையும்கூட. 1998-ல் டிராஸ்டுஜுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005-ல் ஆரம்பக்கட்ட நோயாளிகளுக்கும் அது பெரிய அளவில் பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்தது. ஒரு காலத்தில் பயந்த அதே ‘ஹெர்-2 பாசிட்டிவ்’, இன்று குறிவைத்துத் தாக்க மருந்து இருக்கும் வகை. 2014-ல் இருந்து இந்தியாவில் தயாரான மாற்று வடிவங்களும் கிடைக்கின்றன. அதற்குப் பிறகும் கதை மாறியது. ஹெர்-2 அளவு 1+ என்றால் ‘நெகட்டிவ், விடுங்கள்’ என்பதுதான் வழக்கம். 2022-ல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு, நோய் பரவிய நிலையில் இருப்பவர்களுக்கு அந்தக் குறைந்த அளவும் சிகிச்சையைத் தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் நல்ல மருத்துவர் ஒருவர் நேர்மையாக எழுதிய கட்டுரைகூட இன்று உங்களை வீணாகப் பயமுறுத்தலாம், அல்லது ஒரு வாய்ப்பையே மறைத்துவிடலாம்.

‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ போடாத பக்கத்தை மூடிவிடுங்கள். அமெரிக்க அரசின் நேஷனல் கேன்சர் இன்ஸ்டிட்யூட் தளத்தில் இந்தத் தேதி இருக்கும். அதுமட்டுமல்ல, ஒரே விஷயத்தை நோயாளிக்கு ஒரு பக்கமாகவும் மருத்துவருக்கு இன்னொரு பக்கமாகவும் எழுதியிருப்பார்கள். முதலில் நோயாளிக்கான பக்கம், தெம்பு இருந்தால் மற்றது. அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி, பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யு.கே., மேக்மில்லன், மார்பகப் புற்றுநோய்க்கென்றே இயங்கும் பிரெஸ்ட்கேன்சர் டாட் ஆர்க் ஆகியவையும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்கிற ரகம். அமெரிக்காவின் என்.சி.சி.என். அமைப்பு, மருத்துவர்கள் பின்பற்றும் நெறிமுறையை நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதி இலவச பி.டி.எஃப். ஆகத் தருகிறது. இந்தியாவில் நொய்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனம் ‘இந்தியா அகெய்ன்ஸ்ட் கேன்சர்’ என்ற தளத்தை நடத்துகிறது. மும்பை டாடா மெமோரியல் மையம் முன்னின்று நடத்தும் நேஷனல் கேன்சர் கிரிட் தன் சிகிச்சை நெறிமுறைகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது.

தமிழில்? உள்ளதைச் சொன்னால், தேடினால் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் வீடியோக்கள். அதில் நல்லதும் இருக்கிறது, ஆபத்தானதும் இருக்கிறது. பேசுபவர் நிஜமாகவே மருத்துவர்தானா என்று பார்க்க வழி உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலும் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் ஒன்று: எம்.பி.பி.எஸ். படித்தவர் என்பது உறுதியானால், புற்றுநோய் பற்றி அவர் சொல்வதெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பல் டாக்டரிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்க மாட்டோம் இல்லையா?

நல்ல தளங்களே வேறுவேறு சொல்கின்றனவே?

சொல்லும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2024-ல் 40 முதல் 74 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் என்றது. பிரிட்டன் 50-லிருந்து 71 வயதுக்குள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழைக்கிறது. இந்தியாவில் நாடு தழுவிய மேமோகிராம் திட்டமே இல்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதிப்பதுதான் அரசின் திட்டம்.

இதைப் பார்த்துவிட்டு ‘நமக்கு மட்டும் ஏன் இளக்காரம்’ என்று தோன்றலாம். மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்து செய்த ஆய்வு 2021-ல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில் நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை. ஆக, எந்த நாட்டுக்காரர், யாரை மனதில் வைத்து எழுதினார் என்று பார்க்காமல் அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். இதெல்லாம் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கான கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, ரத்தம் கசிந்தாலோ வயசைப் பார்க்க வேண்டாம். ஆணா பெண்ணா என்றும் பார்க்க வேண்டாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான் என்றாலும், ஆண்களுக்கும் வரும்.

எண்களில் இன்னொரு பொறி உண்டு. ‘ஐந்து வருட உயிர்வாழ்வு விகிதம்’ என்று தேடினால் அமெரிக்காவில் 90 சதவீதத்துக்கும் மேல், இந்தியாவில் 66 சதவீதம் என்று வரும். இதைப் பார்த்துக் கலங்குவதற்கு முன் இரண்டு விஷயம். இது பல வருடத்துக்கு முன்னால் நோய் கண்டறியப்பட்டவர்களின் சராசரி. அந்த 66-க்குள்ளே ஆரம்பத்தில் வந்தவர்களும் இருக்கிறார்கள், முற்றிய பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள், பாதியில் சிகிச்சையை விட்டவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் எண் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம், நாம் தாமதமாகப் போவது. உங்கள் அம்மா அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்பது அவருடைய ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது, சராசரியில் இல்லை.

வேப்பிலை, மஞ்சள், 262 கையெழுத்துகள்

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து செய்தியாளர்களைச் சந்தித்தார். தன் மனைவி நாலாவது ஸ்டேஜ் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டதற்கு வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சைத் தண்ணீர், சர்க்கரையும் பாலும் தவிர்த்த உணவுமுறை ஆகியவை பெரிதும் உதவின என்றார். வீடியோ நாடு முழுக்கப் பரவியது. சில நாளில் டாடா மெமோரியலின் இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டார்கள்: இதற்கு ஆதாரம் இல்லை, இதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த அம்மையார் ஆபரேஷன், கீமோதெரபி எல்லாம் செய்துகொண்டவர்தான். சித்துவும் பிற்பாடு, மருத்துவர்களைக் கலந்துதான் எல்லாம் செய்தோம் என்று விளக்கினார். முதல் வீடியோ போன தூரத்துக்கு அந்த விளக்கம் போகவில்லை.

இது தற்செயல் இல்லை. அமெரிக்காவில் நான்கு வகைப் புற்றுநோய் பற்றி சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை நிபுணர்கள் ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் தவறான தகவல் இருந்தது. தவறானவற்றுக்குத்தான் லைக்கும் ஷேரும் அதிகம்.

இதனால் உயிர் போகுமா? போகும். நோய் பரவாத நிலையில், வழக்கமான சிகிச்சையை முழுக்க விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்ட அமெரிக்க நோயாளிகளை யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். எல்லோரும் குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தவர்கள் என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

முள்சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்ற ஃபார்வர்டு உங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கும். ‘வைட்டமின் பி17’ என்று ஒன்று வரும்; அது வைட்டமினே இல்லை, பாதாம் வகைக் கொட்டைகளில் உள்ள ஒரு பொருள். 1982-லேயே 178 நோயாளிகளிடம் பரிசோதித்துப் பார்த்துப் பலன் இல்லை என்று முடிவானது. சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம்.

செடிகொடியிலிருந்து மருந்து வராதா என்றால், தாராளமாக வரும். நம் ஊர்த் தெருவோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பாக்ளிடாக்சல் ஒரு மரப்பட்டையில் கண்டுபிடிக்கப்பட்டது. இலையை அரைத்துக் குடிப்பதற்கும், அதிலுள்ள ஒரு மூலக்கூறைப் பிரித்து, அளவு கண்டு, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துத் தருவதற்கும் இடையில்தான் மருத்துவம் இருக்கிறது. ‘இயற்கைதானே, சேர்த்து எடுத்தால் என்ன’ என்பதற்கும் ஒரு பதில் உண்டு. மஞ்சள் சத்துக் காப்சூலை மிளகுச் சத்தோடு சேர்த்து எடுத்தபோது, தமாக்ஸிஃபென் மாத்திரையின் செயல்படும் பொருள் ரத்தத்தில் குறைந்ததை நெதர்லாந்தின் ராட்டர்டாம் மருத்துவர்கள் 2019-ல் ஒரு சிறிய ஆய்வில் கண்டார்கள். சாம்பாரில் போடும் மஞ்சள் இல்லீங்க, காப்சூல். எதை எடுத்துக்கொண்டாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

‘கத்தி வெச்சா பரவிடும்’ என்று ஓர் அத்தையாவது சொல்லாத குடும்பம் இருக்காது. அத்தை பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததைச் சொல்கிறார். அந்தக் காலத்தில் புண்ணாகி முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. ஆபரேஷனால்தான் பிழைக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. ஊசியால் திசு எடுக்காமல் என்ன வகை என்று தெரியாது. வகை தெரியாமல் மருந்து கிடையாது.

ஒரு சட்டத் தகவலும்: புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ம் வருடத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். ‘நூறு சதவீதம் உத்தரவாதம், இன்பாக்ஸில் வாங்க’ என்று ஒருவர் சொன்னால், அவர் சட்டத்தை மீறிக்கொண்டேதான் உங்களிடம் பேசுகிறார்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா?

கேட்காமல் இருக்கப்போவதில்லை, எப்படிக் கேட்பது என்று பார்ப்போம். 2023-ல் ஜாமா ஆங்காலஜி இதழில் வந்த ஓர் ஆய்வில், புற்றுநோய் சிகிச்சை பற்றிய 104 கேள்விகளை அப்போதைய சாட்ஜிபிடியிடம் கேட்டார்கள். பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில், நெறிமுறைக்குப் பொருந்தாத சிகிச்சை ஏதாவது ஒன்று கலந்திருந்தது. கூடவே சரியான சிகிச்சையும் அதே பதிலில் இருந்தது; பால் எது தண்ணீர் எது என்று பிரிக்க நிபுணர் தேவைப்பட்டார். அதற்குப் பிறகு இந்தச் செயலிகள் முன்னேறிவிட்டன, தப்பை அழகாகச் சொல்லும் திறமையிலும் சேர்த்துத்தான்.

‘இந்த வார்த்தைக்கு எளிய தமிழில் அர்த்தம் சொல்’, ‘டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளை எழுதிக்கொடு’ என்பதற்கெல்லாம் இவை நன்றாகவே உதவும். ‘அம்மாவுக்கு கீமோ வேண்டுமா’ என்று கேட்பது அப்படியில்லை. ரிப்போர்ட்டைப் போடுவதற்கு முன் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் இருக்கும் மேல்பகுதியை வெட்டிவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்புக்கும் இது பொருந்தும்.

சிகிச்சையில் சந்தேகம் இருந்தால் இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். டாடா மெமோரியலும் நேஷனல் கேன்சர் கிரிட்டும் ‘நவ்யா’ என்ற இணையச் சேவையோடு சேர்ந்து, ஆவணங்களைப் பார்த்து நிபுணர் கருத்து தருகின்றன. நேரில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்ஸி செய்த லேபிலிருந்து கண்ணாடி ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இது தெரியாமல் மூட்டை கட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து, ஒரு வாரம் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று பதற்றம் வரும். முதன்முதலாக மருத்துவரிடம் போனதிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்னவென்று உறுதியாகிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. ஒரு வாரம் எடுத்துச் சரியான ரிப்போர்ட்டோடு போவது தாமதம் இல்லை. ‘மூணு மாசம் கஷாயம் குடிச்சுப் பார்ப்போம்’ என்பதுதான் தாமதம்.

‘அந்தக் கையால ஒரு குடம்கூடத் தூக்காதே’

1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பகம் அகற்றப்பட்டது. கையை எப்படி உயர்த்துவது, உடைக்குள் என்ன வைத்துக்கொள்வது, வீட்டில் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரே மற்ற பெண்களின் படுக்கையருகே போய்ச் சொல்லத் தொடங்கினார். மருத்துவர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. ‘ரீச் டு ரெக்கவரி’ என்ற அந்த முயற்சியை 1969-ல் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி தன்னோடு இணைத்துக்கொண்டது. இன்று நீங்கள் பார்க்கும் ஆன்லைன் குரூப்புகளெல்லாம் ஒருவகையில் அதன் வாரிசுகள்.

குரூப் என்ன தரும், என்ன தராது என்பதில் தெளிவு வேண்டும். துணைக் குழுவில் இருந்தால் ஆயுள் கூடும் என்று 1989-ல் ஓர் ஆய்வு சொன்னது, உலகமே பேசியது. கனடாவில் நோய் பரவிய 235 பெண்களிடம் அதைத் திரும்பச் சோதித்து 2001-ல் முடிவைச் சொன்னார்கள்: ஆயுள் கூடவில்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. என்னைக் கேட்டால், குரூப்பில் சேர இந்தக் காரணமே போதும்.

முடி கொட்டும்போது தலையில் எரிச்சல் வருமா, கீமோவுக்கு மறுநாள் என்ன சாப்பிட முடிந்தது, ஜாக்கெட்டை எப்படித் தைத்தீர்கள், கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள். இதையெல்லாம் எந்த ஆங்காலஜிஸ்ட்டும் சொல்ல முடியாது, அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். பருத்தி நூலில் பின்னிய செயற்கை மார்பகத்தை இலவசமாகத் தரும் தன்னார்வலர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்ற தகவல்கூடப் பலருக்கு இப்படித்தான் கிடைக்கிறது.

அதே குரூப்பில்தான் ‘ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால ஒரு குடம்கூடத் தூக்காதே, வீங்கிடும்’ என்ற அறிவுரையும் வரும். ரொம்ப வருடம் மருத்துவர்களும் இதைத்தான் சொன்னார்கள். கை வீக்கம் உள்ள 141 பெண்களுக்கு மெதுவாக, படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது. வீக்கம் கூடவில்லை, திடீர் தொந்தரவுகள் குறைந்தன. எடுத்த எடுப்பில் குடம் தூக்கச் சொல்லவில்லை, பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தொடங்கச் சொல்கிறது. குரூப்பில் ஒருவர் ‘எனக்கு இப்படி ஆச்சு’ என்றால் அது அனுபவம், காது கொடுங்கள். ‘நீங்களும் இதை நிறுத்துங்க’ என்றால் அது மருந்துச்சீட்டு. எழுத அவருக்கு உரிமை இல்லை.

நல்ல குரூப்புக்கு அட்மின் யார் என்று தெரியும். மருந்து விற்கவிட மாட்டார்கள். ‘டாக்டர் என்ன சொன்னார்’ என்று யாராவது திரும்பக் கேட்பார்கள். ஒருவர் இறந்துபோனால் மறைக்கவும் மாட்டார்கள், நாள் முழுக்க அதையே பேசி மற்றவர்களை மிரட்டவும் மாட்டார்கள். ஒரு வாரம் சும்மா படித்துப் பாருங்கள். படித்து முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் பயம் கூடினால், சத்தமில்லாமல் வெளியே வந்துவிடலாம்.

போன் யார் கையில்?

இதுவரை ‘நீங்கள்’ என்று சொன்னதெல்லாம் மகன், மகள், கணவர் என்று வைத்துத்தான். நம் வீடுகளில் நடப்பது அதுதான். ரிப்போர்ட் மகன் போனுக்கு வரும். டாக்டர் கணவரிடம் பேசுவார். சித்தி, மாமா, பெங்களூரு மச்சினர் எல்லோருக்கும் தெரியும். ‘அம்மாவுக்குச் சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க’. ஸ்கேன், ஊசி, ஆபரேஷன் தேதி எல்லாம் ஆன பிறகும் அது வெறும் ‘கட்டி’தான். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தெரிந்திருக்கும். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள முடியாமல், பேச ஆளில்லாமல் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பகத்தையே எடுப்பதா என்பது பல சமயம் நோயாளியின் தேர்வு. ஆரம்பக்கட்டத்தில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹார்மோன் மாத்திரையை ஐந்து வருடம், சிலர் பத்து வருடம் விழுங்க வேண்டும். எதற்கென்றே தெரியாத மாத்திரையை யார் பத்து வருடம் விழுங்குவார்கள்?

அம்மாவுக்கு எழுத்து படிக்கச் சிரமம் என்றால், நல்ல வீடியோவைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், நடுவில் நிறுத்தி ‘இதுல எது கேக்கணும்’ என்று கேளுங்கள். டாக்டர் அறையில் முதல் கேள்வியை அவர் கேட்கட்டும். டாக்டரிடம் அனுமதி வாங்கி, பேசுவதை போனில் பதிவு செய்துகொள்ளலாம். அறைக்குள் காதில் விழுந்ததில் பாதி வெளியே வரும்போது மறந்திருக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடக்கம். எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மனசு தாங்காத ராத்திரிகளுக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும், இலவசமாக, தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணை உங்கள் போனில் மட்டும் போட்டு வைக்காமல், அம்மாவின் போனிலும் போட்டுக்கொடுங்கள்.